ஹோம்ஸ்டெட்: காட்டு வழி விடுதி வெந்நீர் ஊற்று மாளிகையான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த இடம்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், அலெகனி மலைகளுக்கு நடுவே, மேற்கு வர்ஜீனியா எல்லையை ஒட்டி பாத் கவுண்டி என்றொரு வட்டாரம் இருக்கிறது. மொத்த ஜனத்தொகையே நாலாயிரத்துச் சொச்சம்தான், பெரும்பகுதி காடு. இங்கிலாந்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பாத் நகரத்தின் பெயரை 1790ல் இந்த வட்டாரத்துக்கு வைத்தார்கள். இங்கே ஒரே பள்ளத்தாக்கில் ஐந்து மைல் இடைவெளியில் இரண்டு சின்ன ஊர்கள்: வார்ம் ஸ்பிரிங்ஸ், ஹாட் ஸ்பிரிங்ஸ். ஒன்றில் தண்ணீர் வெதுவெதுப்பு, மற்றதில் சூடு. பெயர் வைத்தவர்கள் அதற்கு மேல் மெனக்கெடவில்லை.

ஹாட் ஸ்பிரிங்ஸில் இருப்பதுதான் ஹோம்ஸ்டெட் விடுதி. 1766ல் மரக்கட்டடமாகத் தொடங்கி, இன்று 483 அறைகளோடு செங்கல் மாளிகையாக நிற்கிறது. ஆர்க்கன்ஸா மாநிலத்திலும் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற பெயரில் பெரிய ஊர் ஒன்று உண்டு. தேடும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்; இல்லாவிட்டால் வேறு ஊரில் அறை பதிவு செய்துவிடுவீர்கள்.

காட்டுக்குள் விடுதி கட்ட யாருக்குத் தோன்றியது?

தாமஸ் புல்லிட் என்ற படைத்தலைவருக்கு. 1750களில் பிரெஞ்சுக்காரர்களோடும் பழங்குடிகளோடும் நடந்த போரில் ஜார்ஜ் வாஷிங்டனின் வர்ஜீனியா படைப்பிரிவில் இருந்தவர். நில அளவையும் அவருக்குத் தொழில். ஆண்ட்ரூ லூயிஸ், தாமஸ் லூயிஸ் ஆகியோரோடு சேர்ந்து வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி 300 ஏக்கர் நிலம் வாங்கினார். அங்கே 1766ல் 18 அறைகளோடு ஒரு மர விடுதி எழுந்தது.

இந்த ஊற்றுகள் அவர் கண்டுபிடித்தவை அல்ல. பழங்குடிகளுக்கு அவை முன்பே தெரியும். தூது போகும் வழியில் ஓர் இளைஞன் இரவுக் குளிரில் இந்தக் குளத்தில் இறங்கிப் படுத்து, காலையில் புதுப்பலத்தோடு எழுந்து போனான் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை 19ஆம் நூற்றாண்டில்தான் அச்சில் வருகிறது. விடுதிக்கு வாடிக்கையாளர் பிடிக்கத் தோதான கதை என்பதையும் கவனிக்க வேண்டும்.

புல்லிட் கணக்குப் போட்டது வேறு. எல்லைப்புறக் காவல் பாதைகள் அந்த மலைகளுக்குள் வந்துவிட்டன. மேற்கே நிலம் தேடிப் போகிறவர்களும் வரத் தொடங்கியிருந்தார்கள். ஊற்று எவ்வளவு அருமையாக இருந்தாலும் வழி இல்லாவிட்டால் அது மான் குடிக்கிற தண்ணீர்தான். இந்த விடுதியின் கதை முழுக்க, வழி மாறும்போதெல்லாம் விடுதியும் மாறியிருக்கிறது.

அன்றைய சாலையோர விடுதி எப்படி இருந்திருக்கும்?

இப்போது உள்ள மாளிகையை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். அன்றைய வர்ஜீனியாவில் வழிப்போக்கர் விடுதியை 'ஆர்டினரி' என்றுதான் சொன்னார்கள். 'சாதாரணம்' என்று பொருள், இடமும் அப்படித்தான். நடத்த வட்டார நீதிமன்றத்தின் உரிமம் வேண்டும். சாப்பாட்டுக்கு என்ன விலை, படுக்கைக்கு என்ன, குதிரைத் தீவனத்துக்கு என்ன, ஒரு குவளை மதுவுக்கு என்ன என்பதையெல்லாம் நீதிமன்றமே நிர்ணயிக்கும். படுக்கைக்குக் காசு கொடுத்தால் முழுப் படுக்கையும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். கூட்டமான ராத்திரியில் முன்பின் தெரியாத ஆளோடு ஒரே மெத்தையில் படுப்பது சகஜம். நம்மூர்ச் சத்திரம் தர்மத்துக்குக் கட்டியது, இது வியாபாரம்.

ஹோம்ஸ்டெட் என்ற பெயரேகூட, கட்டட வேலைக்கு வந்த சுற்றுவட்டாரக் குடியேறிகளை நினைத்து வைத்தது என்று விடுதியில் சொல்லிவருகிறார்கள்.

தண்ணீர் ஏன் சுடுகிறது? பக்கத்தில் எரிமலையா?

இல்லை. மழைநீர்தான். மலை முகடுகளில் பெய்கிற மழை, மடிந்து சாய்ந்து கிடக்கிற பாறை அடுக்குகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும். அங்கே சூடேறிய நீர், பாறை வெடிப்புகள் வழியாக, ஆற அவகாசம் இல்லாமல் மேலே வருகிறது. வரும் வழியில் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வருவதால் கால்சியமும் மக்னீசியமும் சேர்கின்றன. 'கனிம நீர்' என்ற கவர்ச்சியான பெயருக்குள் இருக்கும் சரக்கு பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தப் பகுதியில் ஏறக்குறைய 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு மேலே வந்ததுண்டு. அது எப்போதோ ஆறிப்போன சமாசாரம். இன்றைய சூட்டுக்கு அது காரணம் இல்லை.

அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமா?

லேசாக வரலாம். மூக்கைப் பொத்த வைக்கிற கந்தக நீர், எல்லைக்கு அந்தப் பக்கம் ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் போன்ற ஊர்களின் சொத்து. அங்கே குடிப்பது வைத்தியம். இங்கே குளிப்பது வைத்தியம்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வந்து குணமானார் என்கிறார்களே?

வந்தார் என்பது உண்மை. குணமானார் என்பதுதான் இடிக்கிறது.

ஜெஃபர்சன் இந்த ஊற்றுகளைப் பற்றி 1780களிலேயே எழுதியவர். வர்ஜீனியாவைப் பற்றிய தன் நூலில் வார்ம் ஸ்பிரிங்ஸ் நீரின் சூட்டை 96 டிகிரி ஃபாரன்ஹீட் என்றும், ஹாட் ஸ்பிரிங்ஸின் சூட்டை 112 என்றும் குறித்திருக்கிறார். ஒரு காலத்தில் முட்டை வேகும் அளவுக்குச் சூடு இருந்ததாம், பிறகு குறைந்துவிட்டதாகச் சிலர் நம்புகிறார்களாம் என்றும் சேர்த்துக்கொண்டார். வார்ம் ஸ்பிரிங்ஸில் பாயும் நீரோட்டம் ஒரு மாவு ஆலையை ஓட்டப் போதும் என்பதும் அவர் கணக்கு. எதைப் பார்த்தாலும் அளந்து எழுதுகிற மனிதர்.

1818 ஆகஸ்டில் நேரில் தங்கினார். அப்போது வயது 75. ஜனாதிபதிப் பதவியெல்லாம் முடிந்து, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தை எங்கே அமைப்பது என்று முடிவு செய்யும் கூட்டத்தை ஒரு மலைக்கணவாயில் முடித்துக்கொண்டு, அப்படியே மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க வார்ம் ஸ்பிரிங்ஸ் போனார். ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குக் கால் மணி நேரம் என்று குளித்ததாக மகளுக்குக் கடிதம் எழுதினார். ஊரில் பொழுதே போகவில்லை, இப்படி ஒரு சலிப்பைக் கண்டதில்லை என்றும் புலம்பினார். புத்தகமும் தோட்டமுமாக வாழ்ந்தவரை மூன்று வாரம் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தால் வேறென்ன செய்வார்?

கடைசியில் நடந்ததுதான் வேடிக்கை. அளவுக்கு மீறிக் குளித்ததில் பின்புறத்தில் கட்டிகள் கிளம்பிவிட்டன. கரடுமுரடான மலைப்பாதையில் அந்த நிலையில் வீடு திரும்பிய பயணம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் திரும்பியும் வெகுநாள் அவதிப்பட்டார். இருந்தாலும் வார்ம் ஸ்பிரிங்ஸ் குளங்களுக்குப் பிற்காலத்தில் 'ஜெஃபர்சன் குளங்கள்' என்று அவர் பெயரையே வைத்தார்கள்! சமீபத்தில்தான் அதை மாற்றி, பழையபடி ஊர்ப்பெயருக்கே வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் வைத்தியத் தலம் என்ற பெயர் எப்படி நிலைத்தது?

1832ல் டாக்டர் தாமஸ் கூட் என்ற மருத்துவர் ஹாட் ஸ்பிரிங்ஸை வாங்கினார். விடுதிக்காரர் கையில் வைத்தியம் இருந்தது போக, வைத்தியர் கையில் விடுதி வந்தது. எந்த நோய்க்கு எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம், எத்தனை நாள் என்று முறை வகுத்தார். சூடான நீர்த்தாரையை வலிக்கிற இடத்தில் நேராக விழ வைப்பது அங்கே பிரபலமான சிகிச்சை. குணமானவர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை அச்சிட்டுப் பரப்பினார். இன்று நட்சத்திரக் குறியோடு வருகிற விமர்சனங்களுக்கு அது முன்னோடி. குணமாகாதவர்களின் கடிதங்களை அவர் அச்சிடவில்லை.

சரி, உண்மையில் அந்த நீருக்கு நோய் தீருமா?

வெந்நீரில் மூழ்கினால் தசை தளரும், மூட்டுவலி கொஞ்ச நேரம் மட்டுப்படும். உடல் எடையைத் தண்ணீர் தாங்குவதால் முடக்குவாதக்காரர்களுக்கு அசைவு சுலபமாகும். உள் உறுப்பு நோய்களெல்லாம் தீரும் என்று 19ஆம் நூற்றாண்டில் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அன்றைய மாற்று என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ரத்தம் வடிய விடுவதும் பாதரசம் கொடுப்பதும் பெரிய வைத்தியமாக இருந்த காலம் அது. அதோடு ஒப்பிட்டால் மலைக்காற்றும் வெந்நீரும் ஓய்வும் யாரையும் கொல்லாது. பலர் தேறி வீடு திரும்பியதற்கு அதுவே போதுமான காரணம் என்று எனக்குப் படுகிறது.

பணக்காரர்கள் ஏன் கோடை முழுக்க இங்கேயே கிடந்தார்கள்?

கடலோரச் சமவெளியில் கோடை என்றால் மலேரியா. அவ்வப்போது மஞ்சள் காய்ச்சல், 1832க்குப் பிறகு காலராவும் சேர்ந்துகொண்டது. தோட்ட முதலாளிகள் குடும்பத்தோடு மலைக்கு ஓடிவந்தார்கள். கோச்சு வண்டியில் ஊற்று ஊற்றாகச் சுற்றுவது ஒரு வழக்கமாகவே ஆனது. வார்ம், ஹாட், ஒயிட் சல்ஃபர், ஸ்வீட், சால்ட் சல்ஃபர், ரெட் சல்ஃபர் என்று வரிசை போகும். ஓர் ஊரில் குளியல், அடுத்த ஊரில் குடி. நடுவே நடனம், சூதாட்டம், அரசியல் பேச்சு, பெண் பார்க்கும் படலம். ஒரு விதத்தில் அது பணக்காரத் தெற்கத்தியர்களின் கோடைச் சந்தை.

அந்தச் சுகத்தைச் சுமந்தவர்கள் அடிமைகள். சமையல், துணி வெளுப்பு, வெந்நீர்க் குளியலில் தூக்கி இறக்குவது, குதிரை பராமரிப்பு எல்லாம் அவர்கள் கைவேலை. குடும்பங்கள் தங்கள் அடிமைகளைக் கூடவே அழைத்துவருவதும் உண்டு. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பிறகும், நிறப்பிரிவினைச் சட்டங்கள் இருந்த வரை, இப்படிப்பட்ட விடுதிகளில் கறுப்பினத்தவர் வேலைக்கு வரலாம், அறை எடுக்க முடியாது. பளபளப்பான விடுதி வரலாறுகள் இந்தப் பக்கத்தை ஒரே வரியில் கடந்துவிடும்.

மர விடுதி எப்போது மாளிகையானது?

ரயில் வந்தபோது. செசபீக் அண்டு ஒஹாயோ ரயில் கம்பெனியின் தலைவர் மெல்வில் இங்கல்ஸ், 1880களின் கடைசியிலும் 1890களின் தொடக்கத்திலும் முதலீட்டாளர்களைத் திரட்டி இந்த ஊற்றுகளை வாங்கினார். திரண்டவர்களில் வங்கி முதலாளி ஜே. பி. மார்கனும் ஒருவர். அடிவாரத்தில் உள்ள கவிங்டன் நகரத்திலிருந்து ஹாட் ஸ்பிரிங்ஸுக்கு ஒரு கிளைப்பாதையை மலையேற்றினார்கள். 1892ல் புதிய குளியல் மாளிகை வந்தது. ரயில்காரர் ஊற்றை வாங்கியதில் சூட்சுமம் இருக்கிறது: டிக்கெட்டும் அவருக்கு, அறை வாடகையும் அவருக்கு. நாள்கணக்கில் கோச்சு வண்டியில் குலுங்கிய இடத்துக்கு நியூயார்க்கிலிருந்து தூங்கிக்கொண்டே வரலாம் என்று ஆனதும், வருகிறவர்களும் மாறினார்கள். தெற்கத்திய முதலாளிகள் போய் வடக்கத்திய முதலாளிகள் வந்தார்கள்.

இங்கல்ஸ் குடும்பம் 1993 வரை கையை விடவில்லை. இப்போது ஆம்னி ஹோட்டல் குழுமத்தின் வசம் இருக்கிறது (2013லிருந்து).

பழைய மரக்கட்டடம் எங்கே போயிற்று?

எரிந்துவிட்டது. 1901 ஜூலையில், ரொட்டி சுடும் அறையில் பிடித்த தீ முழு விடுதியையும் தின்றுவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. குளியல் மாளிகை தப்பியது. அடுத்த வருடமே செங்கல்லில் புதுக் கட்டடம் திறந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முதலில் தெரிகிற கடிகாரக் கோபுரம் 1929ல் முடிந்தது. அதே வருடம் பங்குச் சந்தை விழுந்தது. இவ்வளவு மோசமான நேரத்தில் யாரும் கோபுரம் கட்டியிருக்க மாட்டார்கள்.

ஜப்பானியத் தூதர்களை இங்கே சிறை வைத்தார்களாமே?

சிறை என்றும் சொல்லலாம், விருந்து என்றும் சொல்லலாம். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கியதும், வாஷிங்டனில் இருந்த ஜப்பானியத் தூதர் நொமுராவையும் சிறப்புத் தூதர் குருசுவையும் தூதரக ஆட்களையும் எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. நகரத்தில் வைத்தால் ஆபத்து. சரியாக நடத்தினால்தான் ஜப்பானில் மாட்டிக்கொண்ட அமெரிக்கத் தூதர்களும் அங்கே சரியாக நடத்தப்படுவார்கள். அதனால் ஒதுக்குப்புறமான, பெரிய, குளிர்காலத்தில் காலியாகக் கிடக்கிற விடுதி தேவைப்பட்டது. ஹோம்ஸ்டெட் அப்படியே பொருந்தியது. அந்த மாதக் கடைசியில் வந்தவர்கள் 1942 வசந்தம் வரை இங்கே இருந்தார்கள். பிறகு ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸில் உள்ள கிரீன்பிரயர் விடுதிக்கு மாற்றி, கோடையில் கப்பலேற்றினார்கள். எட்டாத தூரமே இந்த ஒரு முறை விடுதிக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது.

உலக உணவு நாளுக்கும் இந்த விடுதிக்கும் என்ன சம்பந்தம்?

என்னைக் கேட்டால் இந்த இடத்தின் வரலாற்றில் பெரிய சம்பவம் இதுதான். ஜனாதிபதிகள் கோல்ஃப் ஆடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் அதிகம்.

1943 மே 18 முதல் ஜூன் 3 வரை, போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 44 நாடுகளின் பிரதிநிதிகளை அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஹோம்ஸ்டெட்டுக்கு அழைத்தார். போர் முடிந்ததும் உலகம் சாப்பிடுவது எப்படி என்பதுதான் பேச்சு. பத்திரிகையாளர்களை விடுதிக்குள் விடவில்லை. ராணுவப் போலீஸ் காவல் நின்றது. அமெரிக்க நாடாளுமன்றத்திலேயே அதற்குக் கண்டனம் கிளம்பியது. பசியைப் பற்றிப் பேச ஆடம்பர விடுதியா என்றும் கேட்கலாம். அத்தனை பேரை ஒரே கூரையின் கீழ் வைத்து, எட்டிப் பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்த மலைநடுவே வேறு கட்டடம் ஏது?

அந்தக் கூட்டத்தின் முடிவுப்படி பிறந்ததுதான் ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு. அது முறைப்படி தொடங்கிய 1945 அக்டோபர் 16ஐத்தான் உலக உணவு நாளாகக் கொண்டாடுகிறோம். அதன் முதல் தலைமை இயக்குநராக வந்த ஜான் பாய்ட் ஆர் என்ற ஊட்டச்சத்து அறிஞரை, ஹாட் ஸ்பிரிங்ஸ் மாநாட்டுக்குப் பிரிட்டன் தன் குழுவில் சேர்க்கவே இல்லை என்பது இன்னொரு கூத்து.

இந்தியாவும் கலந்துகொண்டது, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ். இங்கே நம்மூர்த் தொடர்பு ஒன்று இருக்கிறது. இந்தியக் குழுவில் இருந்த டாக்டர் வாலஸ் அக்ராய்ட், நீலகிரியில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். அரிசியில் என்ன சத்து, கேழ்வரகில் என்ன சத்து, எந்தக் கீரையில் எவ்வளவு என்று இந்திய உணவுகளை அலசி அட்டவணை போட்ட கூடம் அது; பின்னாளில் ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகிவிட்டது. அக்ராய்ட் வர்ஜீனியா மலையில் உட்கார்ந்து உணவைப் பற்றிப் பேசிய அதே 1943ல்தான் வங்காளத்தில் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள்; முப்பது லட்சம் என்பது பலரும் ஏற்கிற கணக்கு. அந்தப் பஞ்சத்தை ஆராய அமைத்த விசாரணைக் குழுவிலும் அக்ராய்ட் உறுப்பினர். பிறகு உணவு அமைப்பின் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு முதல் இயக்குநராகப் போனார்.

கோல்ஃப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஜனாதிபதி வேட்பாளராக 1908 கோடையை டாஃப்ட் இங்கே கழித்தார். ஜனாதிபதி உட்ரோ வில்சன் இரண்டாம் திருமணம் முடிந்து 1915 டிசம்பரில் தேனிலவுக்கு வந்தார். சுவையான விஷயம் சாம் ஸ்னீட்தான். பக்கத்துக் குக்கிராமத்தில் 1912ல் பிறந்து, இதே விடுதியில் பணக்காரர்களின் கோல்ஃப் பையைத் தூக்கிய பையன். பின்னாளில் பி.ஜி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரில் 82 போட்டிகளை வென்றான்.

வெந்நீர் ஊரில் பனிச்சறுக்கா?

ஆமாம், 1959லிருந்து. கார் வந்து ரயில் கூட்டம் குறைந்த பிறகு, குளிர்காலத்திலும் ஆட்களை வரவைக்க வேண்டியிருந்தது. பனி போதாத மலையில் இயந்திரத்தால் பனி செய்து தூவினார்கள். கோடையைத் தப்பிக்க வந்த இடத்துக்குக் குளிரைத் தேடியும் வரவைத்துவிட்டார்கள்.

பழைய குளியல் கூடங்கள் இன்னும் இருக்கின்றனவா?

ஹாட் ஸ்பிரிங்ஸில் எல்லாம் புதுப்பித்தவை. பழசைப் பார்க்க ஐந்து மைல் வடக்கே வார்ம் ஸ்பிரிங்ஸ் போக வேண்டும். சாலையை ஒட்டியே ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு வெள்ளை மரக்கூடங்கள். ஊற்றுக்கு மேலேயே கூரை போட்டது போல இருக்கும். அடியில் கூழாங்கற்கள்; அவற்றுக்கு நடுவிலிருந்து குமிழி குமிழியாக எழும்பும். நம் உடம்புச் சூட்டுக்கு ஒரு சொட்டுக் கீழே இருப்பதால் இறங்கியதும் தண்ணீரே தெரியாது. முடக்குவாதத்தால் நடக்க முடியாதிருந்த மேரி லீயை, அதாவது உள்நாட்டுப் போரில் தெற்கத்தியப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் மனைவியை, உட்கார வைத்துக் குளத்தில் இறக்கிய நாற்காலியை வெகுகாலம் அங்கேயே வைத்திருந்தார்கள்.

மரம் உளுத்துப்போய், பாதுகாப்பில்லை என்று 2017ல் மூடினார்கள். அப்படியே இடிந்து விழுந்துவிடுமோ என்று ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் கவலைப்பட்டார்கள். கடைசியில் பழுதுபார்த்து 2022 டிசம்பரில் திறந்தார்கள்.

எப்படிப் போவது?

அந்தக் கிளை ரயில் இப்போது இல்லை. பயணிகள் வண்டி 1970 வாக்கில் நின்றது. வாஷிங்டனிலிருந்து காரில் ஏறக்குறைய நாலு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் வளைவு வளைவாக வரும், வயிறு குமட்டுகிறவர்கள் முன்சீட்டில் உட்காருங்கள். ரயில்தான் வேண்டும் என்றால், வாரத்தில் மூன்று நாள் ஓடும் கார்டினல் வண்டியில் கிளிஃப்டன் ஃபோர்ஜில் இறங்கிக் காரில் போகலாம். சொந்த விமானம் வைத்திருப்பவர்களுக்கு மலைமுகட்டில் 3,793 அடி உயரத்தில் இங்கல்ஸ் ஃபீல்டு என்று ஒரு விமானத் தளம் இருக்கிறது. குளத்துக்கு மட்டும் போகிறவர்கள் விடுதியில் அறை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குளியலுக்குத் தனிக் கட்டணம்.